ஒரே ரத்தம், இரண்டு அளவு

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் அனுராதபுரம் பக்கத்து விவசாயிகளிடம் 1990-களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் காணப்படுகிறது. சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், நிகரகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் இப்படித்தான். காரணம் வெயிலில் உழைப்பா, தண்ணீரா, பூச்சிமருந்தா? இன்னும் முடிவாகவில்லை. இந்த ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும். அப்படி வைத்துப் பார்ப்பதுதான் பெரும்பாடு.

ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிறோம். அது நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கி மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட நோய். 40 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.4 என்றால், 2021-இல் வெளியான கணக்குச் சூத்திரப்படி ஏறத்தாழ 65 வரும், 1.6 என்றால் 56. வெறும் 0.2 வித்தியாசம், ஆள் நோயாளிப் பட்டியலுக்குப் போய்விடுகிறார். யாஃபே முறை என்கிற மலிவான பரிசோதனை, ரத்தத்திலுள்ள சர்க்கரை, புரதம் போன்றவற்றையும் சேர்த்துக் கிரியாட்டினினாகக் காட்டிவிடக்கூடும். நொதி முறையில் இந்தத் தொல்லை குறைவு, செலவு கூடுதல். ஒரு நாட்டில் அது, இன்னொரு நாட்டில் இது என்று அளந்தால், நோய் எங்கே அதிகம் என்ற கேள்விக்கு ஆய்வகமே பதில் சொல்லிவிடும்.

நேரமும் முக்கியம். நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவரிடம் மாலையில் ரத்தம் எடுத்தால், உடலில் நீர் வற்றி அளவு ஏறி நிற்கும். சமைத்த இறைச்சி சாப்பிட்டாலும் சில மணி நேரம் ஏறும். எல்லா ஊரிலும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.

எல்லா நாட்டு ரத்த மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று தோன்றும். கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சு பொருள், கசியாத இரண்டாம் உறை, உறுதியான வெளிப்பெட்டி, டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) என்று விதிப்படி கட்டலாம். டிரை ஐஸ் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாயு வெளியேற வழியில்லாமல் பெட்டியை மூடினால் வெடிக்கும். ஒரு காகிதம் குறைந்து வெள்ளிக்கிழமை சுங்கத்தில் பெட்டி நின்றால், திங்கட்கிழமைக்குள் உருகிய ரத்த மாதிரிதான் மிஞ்சும். இதற்கெல்லாம் முன்பே ஒவ்வொரு நாட்டு நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் இந்தியாவில் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும். ஆய்வில் சேருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் ஒரு குழு ஒரு வரியை மாற்றினாலும், மற்ற நாட்டுக் குழுக்களுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

என்ன பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்கிறார்கள் என்று விவசாயிகளிடம் கேட்கும் கேள்வித்தாளும் நாட்டுக்கு நாடு சிக்கலாகும். இலங்கை 2015-இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. தடைக்காலத்தில் ஒரு நெல் விவசாயியிடம் "அடிக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? எந்தெந்த ஆண்டில் எது அடித்தீர்கள் என்று, போத்தல் படங்களைக் காட்டிக் கேட்பதே மேல்.

ஆகவே மாதிரிகளை அந்தந்த நாட்டிலேயே உடனே அளந்துவிட வேண்டும். பத்தில் ஒன்றை மட்டும் உறையவைத்து மைய ஆய்வகத்துக்கு அனுப்பி, இரண்டு அளவுக்கும் உள்ள விலகலைக் கண்டு திருத்திக்கொள்ளலாம். இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு அந்த வாரமே முடிவுச் சீட்டு கைக்கு வரும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு, என்றைக்குப் போக வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.