கழற்றிய லென்ஸ், கையில் பிடித்த படம்

நேயர்களுக்கு வணக்கம். கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய்க்கு முன்னால் கையாலேயே பிடித்துக்கொண்டு படம் எடுப்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கேமரா விற்றவர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

லென்ஸும், கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடான சென்சாரும் இணையாக இருக்கும்வரை, படத்தில் கூர்மையாக விழும் தளம் கேமராவுக்கு நேரெதிரே ஒரு சுவர் போல நிற்கும். லென்ஸைச் சற்றே சாய்த்தால் அந்தத் தளமும் சாயும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் இந்த விதியை வைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்துவதுதான் அவருடைய கவலை. நாமோ வேண்டுமென்றே கோணலாக்குகிறோம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவின் ஐந்தடி நடைபாதையில், வரிசையாக மாலை தொங்கும் ஒரு பூக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையின் ஓரமாக நின்று, மாலைகள் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பினால், முதல் மாலையிலிருந்து கடைசி மாலை வரை கூர்மையாக வரும். தெருவும் ஆட்களும் கரைந்துபோவார்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒரு மாலையின் சில பூக்களே மிஞ்சும். இரண்டு, மூன்று டிகிரி போதும். அதற்கு மேல் போனால் வெறும் மங்கல்தான். அதைக் கலை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

வெளிச்சத்துக்கு வருவோம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக வெயில் நேரே சென்சாரில் விழும். கறுப்பு சாம்பலாகும், மாலை வெயிலென்றால் ஆரஞ்சுப் படலம் ஒன்று படரும். விரலால் இடைவெளியை மூடி மூடித் திறந்தால் அந்தப் படலம் கூடும், குறையும். கேமரா தானாக வெளிச்சத்தை அளப்பது இதில் குழம்பிவிடும் என்பதால், நாமே அளவை அமைக்கும் மேனுவலில் வையுங்கள்.

எந்த லென்ஸ்? வெளிச்சம் நுழையும் துளையைக் கையால் திருகி மாற்றும் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் நல்லது. ஆனால் எந்த வகை டிஎஸ்எல்ஆருக்காக (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) அது செய்யப்பட்டதோ, அதிலேயே கழற்றிப் பிடித்தால் சென்சாரிலிருந்து விலகிவிடும்; பக்கத்தில் உள்ளவை மட்டுமே தெளியும். கேனன் இஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தூரத்தில் உட்காரும்படி செய்தது. உள்ளே கண்ணாடி இல்லாத சோனியின் மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ. அந்த லென்ஸை இந்தக் கேமராவின் முன் பிடித்தால், மிச்சமிருக்கும் 26 மி.மீட்டரில் தாராளமாகச் சாய்க்கலாம், தூரத்துக் கட்டடமும் தெளியும். அப்புறம், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றிவிடுங்கள்.

தூசி உள்ளே போகும், மறுக்கவில்லை. கடற்கரைக் காற்றிலும், தைப்பூசத்தில் தேங்காய் உடைக்கும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம். தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் சென்சார் போச்சு.

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் வேண்டாம். பெண்ணின் அத்தை ஆல்பத்தைப் புரட்டி, தன் முகம் எங்கே என்று கேட்பார். மாப்பிள்ளை வரத் தாமதமாகும்போது, மணப்பெண் மருதாணிக் கையோடு சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருப்பாள் பாருங்கள், அப்போது கழற்றுங்கள்.