பாட்டி பிறந்தது எந்த மாநிலம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழைச் சாரலையும் பொருட்படுத்தாமல் தக்கலைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

'படிப்பில் திணறும் பிள்ளைக்கு வரலாற்றைத் தொடங்க வேண்டியது புத்தகத்திலிருந்தா, சொந்த ஊரிலிருந்தா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "எழுத்துக்கூட்டவே தெரியாத பையனைக் கோட்டை கோட்டையாகக் கூட்டிக்கொண்டு அலைந்தால் பரீட்சையை யார் எழுதுவது? முதலில் பாடத்தை வாசிக்க வையுங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, நானும் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவன்தான். ஒரு பையனை ஒரே பத்தியை நான்கு நாள் வாசிக்க வைத்தேன். ஐந்தாம் நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. வீடு தேடிப் போய்த்தான் கூட்டி வந்தேன்.

அப்புறம் ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "உங்க பாட்டி பிறந்தப்போ நம்ம ஊர் எந்த மாநிலத்துல இருந்தது?" "தமிழ்நாடுதான்!" என்று வகுப்பே கத்தியது. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் அதே பையன், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு ஜெராக்ஸ் கொண்டு வந்தான். அவர்கள் நிலத்தின் பழைய பத்திரம். மேலிருந்து கீழ்வரை மலையாளம். "சாரே, எங்க நிலத்துக்கு ஏன் மலையாளத்துல எழுதியிருக்கு?"

நடுவர் அவர்களே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று பாடவேளை பிடித்தது! அப்போது நம்ம ஊர் இருந்த திருவிதாங்கூர் வந்தது. இந்தப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணி வந்தார். அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று, இன்று நம் குமரி மாவட்டமாக இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்த கதை வந்தது. 'மொழிவாரி மாநிலங்கள்' என்ற சொல்லைக் கடைசியில்தான் கரும்பலகையில் எழுதினேன். யாரும் அதற்குப் பொருள் கேட்கவில்லை.

ஊரையே பிடித்துக்கொண்டிருந்தால் உலகம் எப்போது தெரியும் என்றும் கேட்டார்கள். குளச்சல் வெற்றித்தூணுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்துங்கள். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம் அது. டச்சுக்காரன் எதற்காக இங்கே வந்தான்? மிளகுக்காக! அந்த மிளகுக்கொடி இவர்கள் வீட்டு மரத்தில் படர்ந்து கிடக்கிறது. ஹாலந்து எங்கே இருக்கிறது என்று அவர்களே வரைபடத்தை எடுத்துத் தேடுகிறார்கள்.

வாசிப்பைப் பற்றிய எதிரணியின் கவலை நியாயமானது, எனக்கும் அது உண்டு. குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தவர். 1777-ல் இறந்தார். கல்லறை இதோ, பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் இலத்தீனும் உண்டு, தமிழும் உண்டு. அங்கே போன அன்று, பத்திரம் கொண்டு வந்தானே, அந்தப் பையன் கல்லறைப் பக்கத்தில் மண்டியிட்டு, தமிழ் எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் கூட்டிக்கொண்டிருந்தான். பழங்காலத்து எழுத்து, எனக்கே சிரமம். மற்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். நேரமாகிறது, வா என்று தோளைத் தொட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னான்: "நில்லுங்க சாரே, இன்னும் ஒரு வரி இருக்கு."

நன்றி, வணக்கம்.