இடமாற்ற உத்தரவும் வீட்டுக் கடனும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதம் தவறாமல் அரசுச் சம்பளம் வாங்கும் படைவீரர் ஒருவருக்கு வீட்டுக் கடன் கொடுக்க எந்த வங்கியும் தயங்காது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவருக்குச் சிக்கல் சம்பளத்தில் இல்லை. வீட்டின் விலையில் ஒரு பங்கை வாங்குபவரே கையிலிருந்து போட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுவதும், ஒவ்வொரு மாற்றத்திலும் மனைவி தன் வேலையை விட்டுவிட்டுப் புது ஊரில் மறுபடியும் தேடுவதுமாக வாழும் குடும்பத்தில் அந்த அளவுக்குச் சேமிப்பு சேர்வது கடினம். அப்படியே சேர்த்து வாங்கினாலும், அந்த வீட்டில் எத்தனை காலம் குடியிருப்போம் என்பது அவர் கையில் இல்லை. ஆகவே படைவீரருக்கான வீட்டுக் கடன் திட்டம் எதுவாயினும், எவ்வளவு தருகிறது, என்ன வட்டி என்பவற்றைக் காட்டிலும், இடமாற்ற உத்தரவு வந்த பிறகு அது அவரை எப்படி நடத்துகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இதில் அமெரிக்காவும் பிரிட்டனும் இரு வேறு வழிகளில் சென்றிருக்கின்றன.

அமெரிக்க அரசு, சிறு விதிவிலக்குகள் நீங்கலாக, தானே கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுக்கும் வங்கிக்கு ஜாமீன் நிற்கிறது. 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் இதற்கு வழி செய்யப்பட்டது. தொடக்கத்தில் கடனில் பாதி வரை, அதுவும் 2,000 டாலருக்கு மேற்படாமல்தான் அரசு பொறுப்பேற்றது; வட்டி நான்கு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருந்தது. இன்று பொதுவாகக் கடனில் கால் பங்குக்கு அரசு பொறுப்பேற்கிறது. கடன் வாங்கியவர் தவறினால் முதல் இழப்பு அரசின் தலையில் விழும் என்பதால், கைப்பணம் எதுவும் கேட்காமலேயே முழு விலைக்கும் வங்கி கடன் கொடுக்க முன்வருகிறது. முன்பணம் குறைவாகப் போடும் மற்றவர்கள் மாதந்தோறும் கட்டும் கடன் காப்பீட்டுத் தொகையும் இவர்களுக்கு இல்லை. ஓய்வுபெற்ற வீரர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணும் இந்தச் சலுகை, தொடர்ந்து 90 நாள் பணியாற்றிவிட்ட, இன்னும் பணியில் இருக்கும் வீரருக்கும் உண்டு. தம் பிரிவின் தளபதியோ பணியாளர் அலுவலரோ கையெழுத்திட்ட பணிச் சான்றைக் காட்டி அவர் தகுதிச் சான்றிதழ் பெறலாம்.

இது இலவசமும் அன்று. முன்பணம் இல்லாமல் முதல் முறை வாங்குபவர் கடனில் 2.15 சதவீதமும், அடுத்த முறை வாங்குபவர் 3.3 சதவீதமும் அரசுக்குக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். மூன்று லட்சம் டாலர் கடனுக்கு முதல் முறைக் கட்டணம் 6,450 டாலர். அதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் அதற்கும் ஆண்டுக்கணக்கில் வட்டி ஓடும் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை.

ஜாமீன் முறைக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அரசு பின்னால் நின்றாலும், கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு வங்கியிடமே இருக்கிறது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இந்தத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. சட்டத்தின் வாசகத்தில் நிறபேதம் இல்லை. வங்கியின் வாசலில் இருந்தது.

பிரிட்டன் நேரடியாகக் கடன் கொடுக்கும் வழியில் போயிற்று. 2014 ஏப்ரலில் அங்கு தொடங்கிய திட்டத்தில், வங்கி கேட்கும் முன்பணத்தையே பாதுகாப்பு அமைச்சகம் வீரருக்குக் கடனாகக் கொடுக்கிறது: ஆண்டுச் சம்பளத்தில் பாதி வரை, 25,000 பவுண்டுக்கு மிகாமல், வட்டியில்லாமல். பத்து ஆண்டுகளில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். முழுத் தொகையையும் வாங்கியவருக்கு மாதம் ஏறக்குறைய 208 பவுண்டு குறையும். அந்தக் குறைந்த சம்பளத்தைக் கணக்கில் வைத்துத்தான் வங்கி மீதிக் கடனைத் தீர்மானிக்கும். முதல் வீட்டுக்கு மட்டுமன்றி, இடமாற்றத்தால் வேறு வீடு வாங்க நேர்வதற்கும் இந்தப் பணம் உதவும் என்பதை இத்திட்டத்தின் சிறப்பாகச் சொல்வேன். வெளிநாட்டு முகாம்களில் இருந்தவர்களுக்குப் பிரிட்டனில் முகவரி வரலாறு இல்லாததால் கடன் மறுக்கப்பட்டதும் உண்டு. 2012இல் படை அஞ்சல் முகவரிகளுக்கு உள்நாட்டு முறையில் அஞ்சல் குறியீடு கொடுத்து அந்த இடைஞ்சலைக் குறைத்தார்கள். கோடிகளில் செலவிடும் திட்டங்கள் செய்யாததை இப்படியொரு சிறு திருத்தம் செய்துவிடுவதுண்டு.

இனி இடமாற்றத்துக்கு வருவோம். அமெரிக்கத் திட்டத்தில் வாங்குபவர் தாமே குடியிருக்க வேண்டும், பொதுவாக 60 நாளுக்குள் குடிபுக வேண்டும் என்பது விதி. வீரர் கடல் கடந்து நிற்கும்போது இது எப்படி நடக்கும்? மனைவியோ கணவரோ அங்குக் குடியிருந்தால் போதும் என்று விதியே இடம் தருகிறது. குடியிருந்த பின் மாற்றல் வந்தால் வீட்டை வாடகைக்கு விடலாம். அரசின் ஜாமீனில் பயன்படுத்தாத பகுதி மிச்சமிருந்தால் புதிய ஊரில் அதைக் கொண்டு இன்னொரு வீடும் வாங்கலாம்.

விற்பவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். வங்கி ஒப்புக்கொண்டால், இந்தக் கடனை அதன் பழைய வட்டியோடு அடுத்தவர் பெயருக்கு மாற்றலாம். 2021இல் அமெரிக்க வீட்டுக் கடனின் சராசரி வட்டி மூன்று சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2022 இறுதிக்குள் ஆறைத் தாண்டிவிட்டது. எனவே பழைய கடனோடு வரும் வீட்டுக்கு ஆட்கள் போட்டி போடுகிறார்கள். ஆனால் வாங்குபவர் படைவீரராக இருந்து தம் சொந்தத் தகுதியை, அதாவது அரசின் ஜாமீனைப் பெறும் உரிமையை, அந்தக் கடனுக்கு ஈடாக வைக்காவிட்டால், கடன் தீரும் வரை விற்றவரின் தகுதி அதில் சிக்கியே கிடக்கும். புதிய முகாமில் வீடு தேடும்போதுதான் அது அவருக்குத் தெரியவரும். பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்த கடிதத்தையும் வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கிய பிறகே அவர் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.