வெயில் ஏறினா உண்ணி செத்துப்போகாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அல்சூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பெங்களூரே வருஷா வருஷம் சூடாகுதே சார், வெயில்ல உண்ணியெல்லாம் செத்துடாதா? மங்கன காயிலெ தானா குறையணுமே?" மங்கன காயிலென்னா குரங்குக் காய்ச்சல், காட்டு உண்ணி கடிச்சு மனுஷனுக்கு வர்றது. அவங்க பையன் ஜனவரியில, அந்தக் காய்ச்சல் இருக்குற சிவமொக்கா மாவட்டத்து ஜோக் அருவிப் பக்கம் போறானாம், அந்தக் கவலை. நாலு நாளா இந்தக் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. நல்ல கேள்விம்மா.

தொடர்ந்து பாக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அடிக்கடி சொல்வேன்: உண்ணிக்கு ஊரோட வெயில் கணக்கில்ல, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல இருக்குற ஈரம்தான் கணக்கு. மங்கன காயிலெயைப் பரப்புற காட்டு உண்ணிக்கு ஆயுசுக்கே மூணு வேளை சாப்பாடுதான். குஞ்சா இருக்கும்போது ஒண்ணு, இளசுல ஒண்ணு, வளர்ந்ததும் ஒண்ணு. மத்த நாளெல்லாம் சருகுக்கு அடியில பட்டினி. பட்டினியைத் தாங்கிடும், உடம்பு காயறதைத்தான் தாங்காது. செடி நுனியில ஏறி, காலை நீட்டிக்கிட்டு ஆளுக்காகக் காத்திருக்கும். காய ஆரம்பிச்சா கீழ இறங்கி, காத்துல இருக்குற ஈரத்தையே வாயால இழுத்துக்கும். பொட்டல் தரையில அது பிழைக்காது. மர நிழல்ல ஈரச் சருகு கிடந்தா, மேல எவ்வளவு வெயில் அடிச்சாலும் இருக்கும்.

ஆனா எல்லா உண்ணியும் ஒரே ரகம் இல்ல. பெங்களூர் கம்மனஹள்ளியில நாங்க இருந்த வீட்டுல காலண்டரை எடுத்தா பின்னாடி சுவர் விரிசல்ல வரிசையா நாய் உண்ணி. அது வீட்டு வறட்சியையும் தாங்கும், சூடு ஏறினா இன்னும் வேகமா வளரும். 2011ல குஜராத்துல கிரிமியன் காங்கோ காய்ச்சல்னு ரத்தக்கசிவுக் காய்ச்சல் வந்துச்சே, அதைப் பரப்புறது வறண்ட நிலத்து மாட்டு உண்ணி. கனடாவுல கதையே வேற. அங்க கோடைச் சூடு பத்தாம அடுத்த பருவத்துக்கு வளர முடியாம இருந்த மான் உண்ணி, குளிர் குறையக் குறைய வடக்க ஏறுது. அது கடிச்சுப் பரவுற லைம் நோயும் கூடவே போகுது.

நீங்க கேட்ட மங்கன காயிலெ, 1957ல சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து விழுந்தப்போ தெரிய வந்தது. பிறகு வயநாடு, கோவா, சிந்துதுர்க்னு மேற்குத் தொடர்ச்சி மலையோடவே தெரிய வந்திருக்கு. வெப்பம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். காட்டோரத் தோட்டம், மேய்ச்சல் மாடு, குரங்கு எல்லாம் சேர்ந்தது.

என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது இன்னொண்ணு: அந்தச் சருகுல யார், எந்த மாசம் கை வைக்கிறாங்க? ஜோக் அருவிக்குப் பக்கத்து ஊரான சாகரா பக்கம் என் சிநேகிதன் வீட்டுல, தை மாசம் அவங்க அம்மா மாட்டுக்கொட்டகைக்குச் சருகு அள்ளப் போவாங்க. ஜூன் மழையில வளர்ந்த உண்ணி எழும்பும், மழை ஓய்ஞ்சதும் குஞ்சு, நவம்பர்ல இருந்து மே வரைக்கும் இளசு. மனுஷனைக் கடிக்கிறது பெரும்பாலும் அந்த இளசுதான், எள்ளை விடச் சின்னது. மழை தள்ளிப்போனா இந்தக் கணக்கும் தள்ளிப்போகும். அதனாலதான் வெயிலை விடப் பருவமழையைக் கவனிக்கச் சொல்றேன். சிநேகிதனோட அம்மா, சுகாதாரத் துறை குடுத்த உண்ணி விரட்டுற எண்ணெயைக் கையில காலுல தடவிக்கிட்டு, "குரங்கு எங்கயாவது செத்துக் கிடந்துச்சா?"ன்னு ஊர்ல விசாரிச்சிட்டுத்தான் கிளம்புவாங்க. செத்த குரங்கு மேல இருந்து உண்ணி உதிர்ந்து, அந்த இடத்துலதான் மொய்ச்சுக் கிடக்கும்.

பையனைத் தடுக்காதீங்கம்மா. பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடச் சொல்லுங்க, சருகு மேல உக்கார வேண்டாம், ரூமுக்கு வந்ததும் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி பாத்துட்டு வெந்நீர்ல குளிக்கட்டும். திரும்பி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா, டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே "மலநாட்டுக் காட்டுக்குப் போனேன்"னு, அதாவது சிவமொக்கா பக்கத்து மலைக்காட்டுக்குப் போனதைச் சொல்லணும்.