புதன்கிழமை பிள்ளையை யார் அழைத்து வருவது?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் நான். என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே, "பிள்ளைகள் எனக்குக் கிடைப்பார்களா?" என்று கேட்டுவிடுவார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "திருமணச் சான்றிதழ் இருக்கிறதா அம்மா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

சிலர் கழுத்துத் தாலியைத் தொட்டுக் காட்டுவார்கள். சாட்ஸ்வொர்த் கோயிலில் ஊரறிய நடந்த கல்யாணம்; ஆல்பம் இருக்கும், பதிவு இருக்காது. அப்போதெல்லாம் எனக்கு 1913 நினைவுக்கு வரும். பலதார மணத்தை அனுமதிக்கும் மதமுறைப்படி நடந்த திருமணம் செல்லாது என்று அந்த ஆண்டில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். நம் பாட்டிமார் கட்டிய தாலிகளெல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் கயிறாயின. அதை எதிர்த்துப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அவ்வளவு பாடுபட்டும், பதிவு செய்யாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்து வழங்க டர்பன் நீதிமன்றம் 2007-இல் மறுத்தது. இரண்டே ஆண்டுகளில் அதே நீதிமன்றம், உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் அப்படிப்பட்ட மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று சொன்னது பெரிய ஆறுதல். ஆனாலும், வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நடத்தி வைப்பவர் அரசு நியமித்த திருமண அலுவலர்தானா என்று விசாரியுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.

இனிப் பிள்ளைகள் விஷயம். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 'கஸ்டடி' என்ற பழைய சொல்லுக்குப் பதிலாகப் பராமரிப்பு, தொடர்பு என்ற சொற்களை வைத்தது. வக்கீலாகப் பல சட்டங்களைப் படித்திருக்கிறேன். ஒரு சொல் மாற்றத்தில் இவ்வளவு மனிதத்தன்மையை வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளை, வென்று எடுத்துப் போகும் பொருள் இல்லை. அதனால் நான் பெற்றோரிடம் வேறு கேள்விகள் கேட்பேன். புதன்கிழமை பள்ளி விட்டதும் யார் அழைத்து வருவது? இரவில் ஆஸ்துமா வந்தால் மருந்து எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தீபாவளி எந்த வீட்டில், தைப்பூசக் காவடிக்கு யாரோடு? இந்தப் பதில்களைத்தான் பெற்றோர் திட்டமாக எழுதுகிறோம். பத்து வயதுப் பையன் தன் விருப்பத்தைச் சொல்ல நினைத்தால், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதைக் கேட்டாக வேண்டும் என்கிறது சட்டம்.

பிள்ளைகளுக்கான ஏற்பாடு திருப்தியாக இல்லாவிட்டால் நீதிபதி விவாகரத்துத் தீர்ப்பையே தர மாட்டார். பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால் அரசின் ஃபேமிலி அட்வகேட் அலுவலகம், பிள்ளைக்கு எது நல்லது என்று விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கும். அது அப்பா கட்சியும் இல்லை, அம்மா கட்சியும் இல்லை. அங்கே கட்டணமும் கிடையாது.

வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது அரிசி வாங்கப் பணம் வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. உயர் நீதிமன்றத்தில் 43-ஆம் விதியின்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். தீர்ப்பு வரும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் லீகல் எய்ட் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதல் சந்திப்புக்கு வரும்போது திருமணச் சான்றிதழ், திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதன் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கூடவே ஒரு வெள்ளைத் தாளில், திங்கள் முதல் ஞாயிறு வரை உங்கள் பிள்ளை என்னென்ன செய்கிறது என்று எழுதி வாருங்கள். நான் அந்தத் தாளைத்தான் முதலில் படிப்பேன்.