காரோடு போகாத தள்ளுபடி

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளை அலுவலகத்தில் 32 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் என் மனத்தை உறுத்திய ஒரு செய்தியைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பல ஆண்டுகள் விபத்தின்றிக் கார் ஓட்டிச் சேர்த்த 'நோ கிளைம் போனஸ்' என்னும் தள்ளுபடியை, காப்பீட்டு நிறுவனத்தையோ காரையோ மாற்றும் வேளையில் மக்கள் பறிகொடுத்துவிடுகிறார்கள். அது தங்களுக்கு உரிய பணம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்காகக் கட்டுகிறோமே, அந்த 'ஓன் டேமேஜ்' பிரீமியத்தில் மட்டும்தான் இந்தத் தள்ளுபடி உண்டு. பிறருக்கு நேரும் இழப்புக்கான 'தேர்ட் பார்ட்டி' பிரீமியத்தில் இல்லை. கிளைம் எதுவும் கோராத முதல் ஆண்டுக்குப் பிறகு 20 விழுக்காடு கிடைக்கும். அது 25, 35, 45 என உயர்ந்து, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால் 50 விழுக்காட்டில் நிற்கும். ஒருமுறை அறுந்தால் மீண்டும் சுழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருவருக்கு அந்தப் பிரீமியம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி தள்ளுபடி பெற்று 6,000 கட்டிவந்தவர், அதை இழந்தபின் மீண்டும் அந்த நிலைக்கு ஏறி வருவதற்குள் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார்.

இந்தத் தள்ளுபடி காருக்கு உரியதன்று, நிறுவனத்துக்கு உரியதுமன்று, காப்பீடு எடுத்தவருக்கே உரியது. இதைப் பலமுறை சொல்வதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 11 ஆண்டுகள் ஒரே காரை வைத்திருந்து, ஒருமுறைகூடக் கிளைம் கோராதவர். காரை விற்கும்போது, வாங்கிய இளைஞர் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதால், "பாலிசியும் உன்னிடமே இருக்கட்டும், தம்பி, அந்தத் தள்ளுபடி உனக்கு உதவும்" என்று சொல்லி, காகிதங்களையெல்லாம் அவர் கையில் கொடுத்துவிட்டார். நான் அப்போது வெளியூரில் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு. நான்கு மாதம் கழித்து, புதிய கார் வாங்கப் போன இடத்தில் தமக்கு 50 விழுக்காடு தள்ளுபடி உண்டென்று அண்ணன் சொன்னதும், அவர்கள் அதற்கான கடிதத்தைக் கேட்டார்கள். பழைய நிறுவனத்துக்குப் போனால், விற்றதற்கான சான்று கேட்டார்கள். வாங்கிய இளைஞரோ ஆர்.சி.யில் இன்னும் பெயரை மாற்றவில்லை. பாலிசியும் அண்ணன் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காரை எடுக்கக் குறித்த நல்ல நாள் நெருங்கிவிட்டதால், தள்ளுபடி இல்லாமலேயே முழுப் பிரீமியத்தையும் கட்டினார். அதில் பாதி, 12,000 ரூபாய், அவருக்கு மிஞ்சியிருக்க வேண்டிய தொகை. அந்தத் தம்பிக்காவது உதவியதா என்றால், அதுவும் இல்லை. பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றப் போனபோது, தள்ளுபடித் தொகையைக் கணக்கிட்டு அவரிடம் வசூலித்துவிட்டார்கள். விற்றவருக்கும் கிடைக்கவில்லை, வாங்கியவருக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே, காரை விற்கிறவர்கள் ஆர்.சி. பெயர் மாறியதும் அதன் நகலோடு பழைய நிறுவனத்துக்குச் சென்று, தள்ளுபடியைத் தக்கவைக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அந்தக் கடிதம் 3 ஆண்டுகள் வரை செல்லும். எந்த நிறுவனத்திலும் செல்லும்.

காரை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றுகிறவர்கள், பழைய பாலிசியையும் புதுப்பிப்பு அறிவிப்பையும் காட்டினால் போதும். சான்று இல்லையென்றால் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்த உறுதிமொழியை முகவரோ கைப்பேசிச் செயலியோ நிரப்ப விடாமல், நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சென்ற ஆண்டு கிளைம் வாங்கியிருந்தும் 'இல்லை' என்று குறித்துவிட்டால், பழைய நிறுவனத்தில் விசாரிக்கும்போது அது வெளிப்படும். பின்னர் விபத்து நேரும்போது, சொந்தச் சேதத்துக்கான இழப்பீடே கிடைக்காமல் போகலாம்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் தள்ளுபடி போய்விடும். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டுத் தேர்ட் பார்ட்டிக் காப்பீடு கட்டாயமானதால், கையில் காப்பீடு இருக்கிறதென்ற நம்பிக்கையில், ஓராண்டில் முடிந்துவிடும் ஓன் டேமேஜ் பாலிசியை மறந்துவிடுகிறார்கள். இரண்டு பாலிசிகளின் முடிவுத் தேதிகளையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

சிறு கீறலுக்குக் கிளைம் கோரலாமா என்பதையும் விரித்துச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காரின் உரிமையாளர் இறந்து, கார் அவருடைய கணவரிடமோ மனைவியிடமோ பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ வரும்போது, சேர்ந்திருக்கும் தள்ளுபடியும் அவர்களுக்கு வரும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்படி ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், பாலிசியின் பெயரை மாற்றும் அன்றே இதையும் கேட்கச் சொல்லுங்கள். வணக்கம்.