உலை வாயும் ஊர் வாயும்

(நாகப்பட்டினத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை மட்டும் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, நகர்மன்றத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த பங்குத்தந்தை அவர்களே, உடல்நிலை சரியில்லாத நிலையிலும் நாகூரிலிருந்து வருகை தந்திருக்கும் பெரியவர் சாகிப் அவர்களே, மீனவ கிராமங்களின் நாட்டார்களே, பஞ்சாயத்தார்களே, கல்லூரிப் பிள்ளைகளே, வாசலில் நின்று கேட்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்புக்கு நன்றி. ஆனால் இருபது வருடமாக நான் கேட்டுக்கொள்வதையே இன்றும் கேட்கிறேன்: சால்வைக்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுங்கள். புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். நகர்மன்ற உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அண்டை நாடுகளுக்குள் பகை மூளும்போது நம் மனசில் வளரும் காழ்ப்பு பற்றியும், அப்போது நம் வாய்க்கு என்ன ஆகிறது என்பது பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துவந்தேன். ஒன்று, காழ்ப்பு எந்த வாசல் வழியாக ஊருக்குள் வருகிறது. இரண்டு, பேச்சுரிமை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது. மூன்று, செய்தித்தாளும் கைப்பேசியும் இதில் என்ன செய்கின்றன.

என் பாட்டி அடிக்கடி சொல்வாள்: "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது." வம்பு பேசுகிறவர்களைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு வயது ஏற ஏற அந்தப் பழமொழிக்குள் அரசாங்கம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

1999ஆம் வருடம். ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். கூத்தாநல்லூர் போகிற சாலையில் ஒரு டீக்கடை. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது வாத்தியார். கடைக்காரர் ஒரு பாய். அறுபது வயதிருக்கும். இளமையில் மலேயாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பால் அடுப்புக்கு மேலே சுவரில் சச்சின் டெண்டுல்கர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருப்பார். புகையடித்துப் படம் பழுப்பேறினால் புதுப் படம் ஒட்டுவார். கடையில் டிவி வாங்கியதே கிரிக்கெட்டுக்காகத்தான்.

அன்று சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் போட்டி. அந்தப் போட்டி டெல்லியில் நடக்க வேண்டியது. பாகிஸ்தான் அணி இங்கே வந்து ஆடக் கூடாது என்று டெல்லி மைதானத்து ஆடுகளத்தையே ஒரு கூட்டம் வெட்டிப் போட்டதால் சென்னைக்கு மாறியது. நான்காம் நாள் ஆட்டம். ஜெயிக்க 271 ரன் வேண்டும். சச்சின் முதுகுவலியோடு நின்று ஆடுகிறார். கடையில் கால் வைக்க இடமில்லை. கதிரறுத்துக் கட்டுத் தூக்கியவர்கள் தலைச்சும்மாடுகூட அவிழ்க்காமல் வந்து நிற்கிறார்கள். இன்னும் பதினேழு ரன்தான் வேண்டும் என்ற நேரத்தில், 136 அடித்திருந்த சச்சின் அவுட். பாய் கையிலிருந்த டீ வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயிற்று. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம்.

கடையில் சத்தமே இல்லை. அப்போது ஒரு பையன், என்னிடம் படித்தவன், திரும்பிக் கேட்டான்: "என்ன பாய், இன்னிக்கி உங்க வீட்டுல பிரியாணியா?"

சிலர் சிரித்தார்கள். பாய் ஒன்றும் சொல்லவில்லை. வடிகட்டியை எடுத்து மறுபடி டீ ஆற்ற ஆரம்பித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சச்சின் போனபோதே கலங்கிய கண் அது. அந்தப் பையன் அதைப் பார்க்கவில்லை.

அதற்குள் டிவியில் வேறொரு காட்சி. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் வாசிம் அக்ரம் தலைமையில் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். சேப்பாக்கம் முழுதும் எழுந்து நின்று கை தட்டுகிறது. கிரிக்கெட்டே தெரியாத ஒரு கிழவர், அந்த வயலில் கூலிக்கு அறுத்தவர், என்னைக் கேட்டார்.

"யாரு சார் ஜெயிச்சது? நம்ம ஆளுவளா?"

"இல்லய்யா, பாகிஸ்தான்."

"அப்பறம் ஏன் நம்ம சனம் கை தட்டுது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "நல்லா ஆடிருப்பான் போல." டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, நெல் சுணை ஒட்டிய கையால் அவரும் தட்டினார். அவரைப் பார்த்து நானும் தட்டினேன். கடையில் பாதிப்பேர் தட்டினார்கள்.

பாய் தட்டவில்லை.

அவையோரே, அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் ஐம்பதாயிரம் கை தட்டலாம். கூலிக்காரக் கிழவர் தட்டலாம். வாத்தியார் தட்டலாம். அந்தக் கடையில் அன்றைக்குக் கை தட்ட முடியாத ஒரே ஆள் கடைக்குச் சொந்தக்காரர். எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. எந்த ஏட்டும் அங்கே நிற்கவில்லை. "உங்க வீட்டுல" என்ற ஒரு சொல் அவர் கையைக் கட்டிப் போட்டது. அந்தப் பையனை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

மே மாதம் கார்கில் போர் வந்தது. நிதி கேட்டு எவரும் வருவதற்கு முன்னாலேயே பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் உண்டியல் வைத்தார். "வீரர்களுக்கு" என்று எழுதியிருந்தார். வேறு எந்தக் கடையிலும் அப்படி முந்திக்கொண்டு வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. காழ்ப்பு எந்த வாசல் வழியாக ஊருக்குள் வருகிறது என்று கேட்டேனே, இப்படித்தான் வருகிறது. எல்லையில் சுடுகிறார்கள், நம் தெருவில் ஒருவர் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இது எந்த ஊர்? நாகூர் தர்காவின் 131 அடி பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்த ஊர். அதற்கும் முன்னால், இதே நாகப்பட்டினத்தில், கடல் கடந்த சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசர் சூடாமணி விகாரம் கட்டினார். அந்தப் புத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாக அளித்தான். அந்தச் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்கிறோம். பிறகு இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பினான். போர் போராகத்தான் நடந்தது. விகாரத்தை எவரும் தொடவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அந்தப் பள்ளியின் ஊர்களுக்கு வரிவிலக்கு கொடுத்து மறுபடி செப்பேடு எழுதினான். எதிரி நாட்டான் கட்டிய கோயில்தானே என்று சோழன் கணக்குப் பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கு 2013 மார்ச் நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கத் தொல்லியல் மாணவர்களோடு வந்த இலங்கைப் புத்த பிக்கு ஒருவரை, அந்தக் கோயிலிலேயே அடித்தோம். புத்தருக்கும் சிற்பம் வைத்த கோயில் அது. அதற்கு முந்தைய வருடம், 2012 செப்டம்பரில், பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்ரீகர்களை எதிர்த்துக் கூட்டம் கூடியது. அவர்கள் திருச்சி விமான நிலையத்துக்குப் போன பேருந்துகள் மீது கல் விழுந்தது. பங்குத்தந்தை அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு நாம் அழுதது நிஜம். அந்தக் கோபத்தை மேடையில் பேச, ஊர்வலம் போக, கொழும்பு அரசைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்தவர் மீது கல் எறிவது பேச்சுரிமை இல்லை. கல்லுக்கு நாக்கு கிடையாது.

சட்டத்துக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. 1951இல் செய்த முதல் திருத்தம், அந்த உரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் ஒன்றாக "அயல்நாடுகளுடனான நட்புறவு" என்பதைச் சேர்த்தது. அண்டை நாட்டோடு உள்ள நட்பைக் கெடுக்கும் பேச்சைத் தடுக்கலாம் என்பது அதன் கருத்து. இன்றைக்கு நடப்பது என்ன? 2021 அக்டோபரில் கிரிக்கெட்டில் பாகிஸ்தான் ஜெயித்ததைக் கொண்டாடினார்கள் என்று ஆக்ராவில் மூன்று காஷ்மீர் மாணவர்களைச் சிறையில் வைத்தார்கள். ஜாமீன் கிடைக்க அடுத்த மார்ச் ஆயிற்று. அந்தப் பக்கம் மட்டும் என்ன? 2016 ஜனவரியில் பாகிஸ்தானின் ஒகாராவில் விராட் கோலியின் ரசிகர் ஒருவர் வீட்டு மாடியில் இந்தியக் கொடி ஏற்றினார் என்று கைது செய்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இரண்டு அரசுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

124-ஏ என்ற பழைய தேசத்துரோகப் பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டத்தில் 152 என்ற எண்ணில் அதைப் போன்ற ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பழைய பிரிவில் நம் மண்ணில் தண்டனை பெற்றவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வ.உ.சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர். 1908இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது வருடம். வழக்கு பேச்சுக்காகப் போட்டது. வெள்ளைக்காரனின் கண்ணை உறுத்தியது கப்பல். பேச்சையும் கப்பலையும் அவன் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஐயா அவர்கள் வந்திருக்கிறார்கள். வணக்கம் ஐயா, வாருங்கள், இப்படி முன்னால் அமருங்கள். சரியான இடத்தில் வந்திருக்கிறீர்கள்.

இந்த ஊரில் சொல்லத் தயங்குகிற ஒரு வாக்கியத்தை இப்போது சொல்லப்போகிறேன். நாட்டார்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் மீனவரை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, அடிக்கிறது, படகை அரசுடைமை ஆக்குகிறது. நம் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துச் சிறையில் கிடக்கிறார்கள். உயிரும் போயிருக்கிறது. இதை எல்லா மேடையிலும் சொல்கிறோம், சொல்ல வேண்டும். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: நம் விசைப்படகு கடலடியை வாரி இழுத்துப் போகும் இழுவைமடி வலை, அந்தப் பக்கத்து மீனவனின் வலையை அறுக்கிறது. அவனும் தமிழன். போர் நடந்த காலத்தில் பெரும்பாலும் கடலுக்கு இறங்க முடியாமல் இருந்து, 2009க்குப் பிறகுதான் வலை வாங்கினான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம்மிலேயே நாட்டுப்படகுக்காரர்களும் பைபர் படகுக்காரர்களும் இழுவைமடியால் அழிகிறோம் என்று சொல்கிறார்கள். இதை இங்கே பேசினால் "சிங்களவனுக்கு வக்காலத்தா?" என்று ஒரு குரல் வரும். டீக்கடையில் வந்த குரலும் இதுவும் ஒன்றுதான். பேச்சுரிமை வேண்டும் என்று டெல்லியைக் கேட்கிற நாம், நம் கடற்கரையில் ஒரு நாட்டுப்படகுக்காரன் வாய் திறக்க இடம் கொடுக்க வேண்டும். கச்சத்தீவு பற்றி 1974 முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு இன்னொரு மாலை தேவை.

யாழ்ப்பாணத்து மீனவனும் நாகப்பட்டினத்து மீனவனும் எங்கே சந்திக்கிறார்கள்? நடுக்கடலில், ராத்திரியில், வலைக்கு மேலே. இல்லையென்றால் சிறையில். இரண்டும் உட்கார்ந்து பேசுகிற இடமா? அதனால்தான் நான் எந்த மேடை ஏறினாலும் கப்பலைப் பற்றிப் பேசுகிறேன்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். "செரியாபாணி" என்று பெயர். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று "சிவகங்கை" புறப்பட்டது. நூற்றைம்பது பேர் போகலாம். அறுபது கடல் மைல் சுமார். நாலு மணி நேரம். காலையில் இங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் மத்தியானச் சோறு யாழ்ப்பாணத்தில். வடகிழக்குப் பருவமழை வந்தால் கப்பல் நிற்கும், அது நியாயம், கடலோடு யாரும் சண்டை போட முடியாது. ஆனால் மழை இல்லாத மாதங்களிலாவது எந்தக் கிழமை புறப்படும், எந்தக் கிழமை திரும்பும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே அச்சடித்த கால அட்டவணை வேண்டும். மீனவக் குடும்பமும் கல்லூரிப் பிள்ளையும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் ஒரு பகுதி இருக்கைகள் வேண்டும். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகும் மனைவிக்கும் தாய்க்கும் கட்டணம் வாங்கவே கூடாது. இரு பக்கத்து மீனவர்களும் வருடத்துக்கு இரண்டு முறை அந்தக் கப்பலில் போய்வந்து பேச அரசு செலவழிக்க வேண்டும். ஒரு கப்பல் நிறைய மீனவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கி, வலை அறுந்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும். அப்போது அவன் வாயும் திறக்கும், நம் வாயும் திறக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்றால், அந்த வாய்கள் நேருக்கு நேர் பேச ஒரு திண்ணையாவது வேண்டாமா?

செய்தித்தாள், கைப்பேசி பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சீட்டு கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.

இந்தக் கப்பல் கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். வாசலுக்கு இடதுபுறம் மேசையில் கோடு போட்ட நோட்டு இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து. கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டி இருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன்பே நாற்பத்தேழு பேர் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெயரைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். டீக்கடையில் பாயைக் கேட்ட அந்தப் பையன். இப்போது அவனுக்கு நாற்பதுக்கு மேல் வயது, தலை நரைத்திருக்கிறது, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். நீயும் வா, நான் முன்னாலேயே போய் டோக்கன் வாங்கி வைக்கிறேன். எல்லோரும் வாருங்கள். வணக்கம்.